ட்ரையர் சுற்றுகிறது, சூடு வரவில்லை



வெயிலை நம்பிப் பிழைக்கிற கரை நம்முடையது. உப்பளத்தில் உப்பு விளைவதும் கடலோரத்தில் கருவாடு காய்வதும் அந்த வெயிலில்தான். துணி காயப் போட ஒரு கரண்ட் மெஷின் வேண்டும் என்று இருபது வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம் பெரியவர்கள் சிரித்திருப்பார்கள். இப்போது அப்படிச் சிரிக்க முடியாது. மொட்டை மாடியில் பங்கு இல்லாத அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. வளைகுடாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் குடும்பத்தோடு திரும்புகிறவர்கள் மற்ற சாமான்களோடு ட்ரையரையும் கார்கோவில் போட்டுவிடுகிறார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டிலும், படுக்கையில் கிடக்கும் உம்மாவையோ வாப்பாவையோ கவனிக்கிற வீட்டிலும், ஐப்பசி கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் துணி காய்வது பெரும்பாடு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதன் பிறகு உலர்ந்த துண்டு ஒன்றுக்கு எத்தனை வீடுகள் தவித்தன என்பது நமக்குத் தெரியும்.

ஆகவே இந்த இதழின் வீட்டுச் சாதனப் பாடத்துக்கு, பலரும் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ட்ரையர் ஓடுகிறது, உருளை சுற்றுகிறது, சத்தமும் வழக்கம் போல்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் துணி சில்லென்று ஈரமாகவே கிடக்கிறது. என்ன செய்வது?

நம் மஹல்லாவில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் அதிகம். மெஷின் நின்றால் மெக்கானிக்கிடம் பேச வேண்டியவர் வீட்டிலிருக்கும் பெண்தான். அதனால் இந்தப் பாடம் முதலில் சகோதரிகளுக்கு. எல்லாவற்றையும் நீங்களே கழற்றிச் சரிசெய்ய வேண்டும் என்பதில்லை. எது பழுது, எது பழுதில்லை, வருகிறவர் என்ன செய்கிறார் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த மெஷின்?

இதைக் கேட்காமல் ஒரு அடியும் எடுத்து வைக்கக் கூடாது. நம் ஊரில் ‘ட்ரையர்’ என்று சொன்னால் நாலு விதமான பொருளைக் குறிக்கும்.

செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் தொட்டியையும் ட்ரையர் என்கிறோம். அது வேகமாகச் சுற்றித் தண்ணீரை உதறித் தள்ளும், அவ்வளவுதான். அதற்குள் ஹீட்டரே கிடையாது. அதில் சூடு வரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டு, பார்க்க வந்ததற்கு மட்டும் பணம் கொடுத்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். மேலிருந்து துணி போடுகிற ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் ‘ஏர் ட்ரை’ என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் வெறும் காற்றுதான். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினில் ஹீட்டர் இருக்கும், ஆனால் அது துவைக்கிற தண்ணீரைச் சுடவைக்க. காற்றைச் சுடவைக்க அல்ல.

காற்றைச் சுடவைத்துத் துணியை உலர்த்துபவை மூன்று. ஒன்று, துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷினில் இருக்கும் வாஷர் ட்ரையர். இரண்டு, பின்னால் தும்பிக்கை போல் ஒரு குழாய் வைத்த தனி ட்ரையர். அல்லது குழாய் இல்லாமல், ஈரத்தைத் தண்ணீராக்கி ஒரு டப்பாவில் சேர்க்கிற கண்டென்சர் வகை. மூன்று, புதிதாக வருகிற ஹீட் பம்ப் வகை. இந்த மூன்றாவதில் ஹீட்டர் கம்பியே இல்லை. ஏ.சி.யைப் போலக் கம்ப்ரஸரும் கேஸும் வைத்துச் சூடாக்குகிறது. அதில் சூடு வரவில்லை என்றால் ஃபில்டரைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொண்டு கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் ஹீட்டர் கம்பி உள்ளவற்றுக்கு, முக்கியமாகக் குழாய் வைத்த தனி ட்ரையருக்கு.

சூடு எதனால் நிற்கிறது

ட்ரையரைச் சூடு கொடுக்கும் மெஷின் என்று நினைக்கிறோம். காற்றை ஓட்டும் மெஷின் என்று நினைத்தால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். அறையிலிருக்கும் காற்றை இழுத்து, ஹீட்டர் சுருளைத் தொட்டுச் சுடவைத்து, சுற்றுகிற துணிக்குள் அனுப்புகிறது. காற்று ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. பிறகு பஞ்சுத்தூசியைப் பிடிக்கிற ஃபில்டரைக் கடந்து, ஃபேன் வழியாகப் பின்குழாய்க்குப் போய் வெளியே விழுகிறது. ஹீட்டர் எரியாமல் தப்பிப்பது அதன் மேல் ஓயாமல் காற்று ஓடுவதால்தான். காற்று குறைந்தால் சுருளின் வெப்பம் போக வழியில்லாமல் அங்கேயே ஏறும்.

அப்படி ஏறினால் தடுப்பதற்கென்று ஹீட்டருக்குப் போகிற மின்பாதையில் வரிசையாகச் சில காவல் வைத்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் என்பது ஒன்று. குறிப்பிட்ட சூட்டில் அதற்குள் இருக்கும் சிறு தகடு வளைந்து மின்சாரத்தை விட்டுவிடும், ஆறியதும் மறுபடி சேரும். அதையும் மீறிச் சூடு ஏறினால் தெர்மல் ஃபியூஸ் என்ற சின்னப் பொருள் ஒரேயடியாக அறுந்துவிடும். அது ஆறினாலும் சேராது. பல மாடல்களில் மோட்டாருக்குத் தனிப் பாதை என்பதால் உருளை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் இருக்காது. சில மாடல்களில் ஃபியூஸ் போனால் மெஷினே ஓடாது.

சூடு நின்ற ட்ரையரில் பல சமயம் நடந்திருப்பது இதுதான். மெஷின் கெடவில்லை. உள்ளே தீப்பிடிக்கிற நிலை வந்தது, காவலாள் தன் உயிரைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டான். அவனுக்குப் பதில் ஆள் வைப்பது சுலபம். அவன் எதற்காகச் சாத்தினான் என்று பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து.

சென்ற மழைக்காலத்தில் ஒரு சகோதரி நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் பழைய ட்ரையர் ஒன்று வாங்கினார். துணி துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுப்பது அவர் தொழில். கணவர் மவுத்தாகிவிட்டார், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மூன்றாவது வாரம் சூடு நின்றுபோனது. முதலில் பார்த்த மெக்கானிக், போர்டு போய்விட்டது, அதை மாற்றுகிற காசுக்கு வேறு மெஷினே வாங்கலாம் என்று சொல்லிவிட்டார். கடனில் ஒரு தவணைகூடக் கட்டி முடியவில்லை. இரண்டாவதாக வந்தவர் பத்தே நிமிடத்தில் சூடு வரவைத்தார். “ஜம்பர் போட்டாச்சுக்கா, இனிமே நிக்கவே நிக்காது” என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். சகோதரிக்கு மகிழ்ச்சி. நான்காம் நாள் துணியில் கருகல் வாடை வந்ததும் பயந்துபோய் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார்.

விவரம் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் போய்ப் பின்தகட்டைக் கழற்றினோம். தெர்மல் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. பின்குழாய் சுவரைத் தாண்டி வெளியே வருகிற வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதற்கு உள்பக்கம், தலையணைக்கு அடைக்கலாம் போல, பஞ்சுத்தூசி. காற்று வெளியேற வழியே இல்லை. அந்தச் செம்புக் கம்பி இன்னும் சில நாள் இருந்திருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது. மெஷின் நின்ற அறையில்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள். கூட்டை இடித்து, குழாயைச் சுத்தம் செய்து, சரியான ஃபியூஸும் அதோடு ஒரு தெர்மோஸ்டாட்டும் போட்டதில் மெஷின் பழையபடி ஓடுகிறது. போர்டுக்கு ஒன்றுமே இல்லை. ஆயிரக்கணக்கில் போகவிருந்த செலவு நூறுகளில் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நேரடி இணைப்புக் கொடுப்பதை நம் பக்கத்து மெக்கானிக்குகளில் பலர் திறமை என்று நினைக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பாகம் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும்வரை வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார், அதனால் அப்போதைக்கு ஓடவைத்துவிடுகிறார்கள். ஆனால் பாகம் வந்த பிறகும் அந்தக் கம்பி அங்கேயே இருந்துவிடுகிறது. மெக்கானிக் வேலை முடித்ததும், “பழைய ஃபியூஸைக் கையில் கொடுங்கள், புதுசு எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று காட்டுங்கள்” என்று கேளுங்கள். தயங்க வேண்டாம்.

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்

மெஷினைத் திறக்காமலே பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. என் அனுபவத்தில் பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

காலியான மெஷினை அதிகச் சூட்டில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே கை வையுங்கள். சூடு இருக்கிறதா? இருந்தால் ஹீட்டரும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன. பிறகு ஏன் துணி காயவில்லை என்பது வேறு கேள்வி, அதற்குப் பின்னால் வருகிறேன். சூடே இல்லை என்றால் முதலில் பட்டனைப் பாருங்கள். குளிர்காற்று மட்டும் வருகிற ஒரு நிலை பல மெஷின்களில் உண்டு, பிள்ளைகள் திருப்பி வைத்திருக்கலாம். ஓட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம்போல் மெஷின் தானே சூட்டை நிறுத்தி ஆறவைக்கும். அந்த நேரத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஹீட்டர் போய்விட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

அடுத்து மின்சாரம். இந்த மெஷின்கள் 2000 முதல் 2500 வாட் வரை இழுக்கும், அதாவது 9 முதல் 11 ஆம்பியர். பெரிய பின் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் சொருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் பாக்ஸ்தான் முதலில் சூடாகும். பிளக்கின் பின் கறுத்திருந்தால், சாக்கெட்டைத் தொட்டால் சுட்டால், பழுது மெஷினில் இல்லாமல் சுவரிலேயே இருக்கலாம். நம் உப்புக்காற்று சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளையை அரித்துவிடுகிறது. கடற்கரைத் தெருக்களில் இது சாதாரணம்.

வோல்டேஜ் குறைவதும் ஒரு காரணம். பலர் இதை நம்புவதில்லை, ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டருக்கு 180 வோல்ட்தான் வருகிறது என்றால், சூடு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று தோன்றும். உண்மையில் நூற்றுக்கு 61 பங்குதான் கிடைக்கும். மாலையில் தெருவே மோட்டார் போடுகிற நேரத்தில் துணி காயவில்லை, இரவு பதினோரு மணிக்குக் காய்கிறது என்றால் மெக்கானிக் தேவையில்லை.

பிறகு ஃபில்டர். ஒவ்வொரு தடவையும் துணியை எடுத்ததும் பஞ்சை வழித்துப் போட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. வாசனைக்காகப் போடுகிற கம்ஃபர்ட் போன்ற திரவங்கள் வலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படியும். பார்த்தால் வலை சுத்தமாகத் தெரியும், காற்று போகாது. ஃபில்டரைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். வலையில் தேங்கி நின்றால் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்து, முழுவதும் காயவைத்து மாட்டுங்கள். புதுக் கைலியும் துண்டும்தான் பஞ்சு அதிகம் விடுகின்றன. பாலியஸ்டர் புர்காவில் அவ்வளவு வராது.

கடைசியாகப் பின்குழாய். மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் குழாய் நசுங்கியிருக்கும். மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாய் நடுவில் தொய்ந்து, தொய்வில் பஞ்சு தங்கியிருக்கும். வெளிவாயில் குளவியோ பல்லியோ அணிலோ குடியேறியிருக்கும். குழாயைக் கழற்றிவிட்டு மெஷினைச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். பின்னால் காற்று வேகமாக வந்தால் அடைப்பு குழாயில்தான். சிலர் குழாயே மாட்டாமல் கதவு சாத்திய அறையில் வைத்து ஓட்டுகிறார்கள். துணியிலிருந்து போன ஈரம் அறைக்குள்ளேயே சுற்றி மறுபடி மெஷினுக்குள் போகிறது. மழைக்காலத்தில் அறைச் சுவர் வியர்ப்பதற்கும் பூஞ்சை பிடிப்பதற்கும் இதுதான் காரணம். ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

சூடு இருந்தும் துணி காயாத வீடுகளுக்கு இரண்டு விஷயம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும். இது இயற்கை வைத்த கணக்கு, எந்தக் கம்பெனியும் ஹீட்டரை வைத்து இதைக் குறைக்க முடியாது. சரியாகப் பிழியாத துணியில் மூன்று லிட்டர் தண்ணீர் இருந்தால், 2000 வாட் ஹீட்டர் முழு மூச்சாக வேலை செய்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே வாஷிங் மெஷினின் பிழியும் வேகம் குறைந்துபோனால் பழி ட்ரையர் மேல் விழும். அதே துணியை வாஷிங் மெஷினில் இன்னொரு முறை பிழிந்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது நம் தண்ணீர். கடலோர போர்வெல் தண்ணீரில் அலசிய துணியில் உப்பு தங்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எவ்வளவு காய்ந்தாலும் கைக்குப் பிசுபிசுவென்றுதான் இருக்கும். துணி காய்ந்துவிட்டதா என்று தானே உணர்ந்து நிற்கிற மெஷின்கள், துணி மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. உப்பு இருந்தால் அதிகம் கடத்தும். மெஷினும் இன்னும் ஈரம் இருக்கிறது என்று எண்ணி ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்தால் துணிக்கும் நல்லது, கரண்ட் பில்லுக்கும் நல்லது.

பிளக்கைக் கழற்றிய பிறகு

இதிலிருந்து மேலே, மின்வேலை தெரிந்தவர் மட்டும். தெரியாதவர்கள், வருகிறவர் எந்த வரிசையில் பார்க்கிறார் என்று கவனிப்பதற்காகப் படியுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்க வேண்டும். சுருள் ஆறச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். உள்ளே தகட்டின் விளிம்பு கத்தி போல் இருக்கும், கையுறை நல்லது.

டெஸ்டர் விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவரை நம்பாதீர்கள். நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். இந்த வேலைக்கு மல்டிமீட்டர் வேண்டும், அது சில நூறு ரூபாய்ப் பொருள்தான். ‘பீப்’ சத்தம் வருகிற நிலையில் வைத்து, ஒவ்வொரு பாகத்திலும் ஒரு ஒயரையாவது கழற்றிவிட்டு இரு முனையிலும் தொட வேண்டும். ஒயரோடு வைத்துத் தொட்டால் வேறு பாதையில் சத்தம் வந்து ஏமாற்றும்.

முதலில் தெர்மல் ஃபியூஸ். சத்தம் வந்தால் நல்லது, வராவிட்டால் போய்விட்டது. அடுத்து தெர்மோஸ்டாட்டுகள். ஆறியிருக்கும்போது ஹீட்டர் பாதையில் உள்ளவை சத்தம் கொடுக்க வேண்டும். பிறகு ஹீட்டர். இங்கே ஓம் அளவைப் பார்க்க வேண்டும். 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட் அளவால் வகுத்தால் வர வேண்டிய ஓம் கிடைக்கும். 2000 வாட்டுக்கு ஏறக்குறைய 26, 2500 வாட்டுக்கு 21. மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. இரண்டு சுருள் உள்ள மாடலில் ஒன்று மட்டும் அறுந்தால் வெதுவெதுப்பு மட்டும் வரும். சுருளின் முனைக்கும் தகட்டு உடம்புக்கும் நடுவிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் உடம்பில் மின்கசிவு இருக்கிறது, அந்த ஹீட்டரை மாற்றியே ஆக வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு வார்த்தை. ட்ரையர் சூடாகத் தொடங்கியதும் வீட்டின் இ.எல்.சி.பி. விழுகிறது என்றால், குற்றம் இ.எல்.சி.பி. மேல் இல்லை. அது இப்படிப்பட்ட கசிவைத்தான் பிடித்திருக்கும். தொந்தரவு என்று அதைக் கழற்றிவிட்ட வீடுகள் நம் மஹல்லாவிலேயே இருக்கின்றன. தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள். ஈரக் கையோடு தொடுகிற மெஷின் இது.

ஃபியூஸ், தெர்மோஸ்டாட், ஹீட்டர் மூன்றும் சரி என்றால், ஒயர்களின் முனைகளைப் பார்க்க வேண்டும். பச்சை பிடித்தோ கறுத்தோ தளர்ந்தோ இருக்கும். உப்புக்காற்று வீடுகளில் இதற்கே பாதி வாய்ப்பு. அதுவும் சரி என்றால்தான் சூட்டை உணரும் சென்சார், டைமர், அதற்கெல்லாம் பிறகு போர்டு. விலையும் இதே வரிசையில்தான் ஏறுகிறது. மீட்டரை எடுக்காமலேயே போர்டு என்று சொல்கிறவரிடம் இன்னொருவர் பார்க்கட்டும் என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.

புது ஃபியூஸ் வாங்கும்போது பழையதைக் கொண்டு போங்கள். அதன் மேல் வெப்ப அளவும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். அதே எண்தான் வேண்டும். கடையில் இல்லை என்று அதிக வெப்ப அளவுள்ளதைப் போடுவது, செம்புக் கம்பி போடுவதற்கு அடுத்த படி.

சவூதியிலிருந்து வரும் மெஷின்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. சாதாரண மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். ஃபேனும் மெதுவாகும், காற்றும் குறையும். ஹீட்டர் மட்டும் குறையாது. அதனால்தான் அங்கே வருடக்கணக்கில் ஓடிய மெஷின் இங்கே வந்து அடிக்கடி ஃபியூஸ் போக்குகிறது. துபாய், குவைத், ஹாங்காங் மெஷின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 50தான். அமெரிக்காவிலிருந்து கொண்டு வரவே வேண்டாம். அங்கே மோட்டாருக்கு 120 வோல்ட்டும் ஹீட்டருக்கு 240-உமாக இரண்டு லைன் கொடுக்கிறார்கள்.

வெள்ளத்தில் நனைந்த மெஷினை, வெளியே காய்ந்துவிட்டது என்று பிளக்கில் சொருகாதீர்கள். சேறும் உப்பும் உள்ளே தங்கியிருக்கும். திறந்து கழுவி, நன்றாக உலர்த்தி, மின்கசிவு பார்க்கும் மெகர் கருவி வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன் சரி என்று சொன்ன பிறகே சொருக வேண்டும். மோட்டார் மூழ்கியிருந்தால் நான் அந்த மெஷினுக்குப் பணம் போடச் சொல்ல மாட்டேன்.

தீ

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2008 முதல் 2010 வரையிலான கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ ட்ரையரிலிருந்து தொடங்கியிருக்கிறது. சுத்தம் செய்யாமல் விட்டதே முதல் காரணம், மூன்றில் ஒன்றுக்கு மேல். 2016 ஆகஸ்ட் 19 அன்று லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியின் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் ட்ரையரிலிருந்து தீ பரவியது. யாரும் இறக்கவில்லை. ஆனால் பல குடும்பங்கள் வீட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. பஞ்சுத்தூசி ஹீட்டரில் விழக்கூடிய குறை அந்த ரகத்தில் இருப்பதாக வேர்ல்பூல் குழுமம் 2015-இலேயே எச்சரித்திருந்தது. 2019-இல் அந்த மெஷின்களை வீடுகளிலிருந்து திரும்பப் பெற வேண்டிவந்தது. பெரிய நிறுவனம் செய்த மெஷினுக்கே ஹீட்டரில் விழுகிற கொஞ்சம் பஞ்சு போதுமானதாக இருந்தது.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது சமையல் எண்ணெய் படிந்த துணிகள். வலீமா விருந்து முடிந்து சமையலறைத் துணிகளை மொத்தமாகத் துவைத்து ட்ரையரில் போடுகிறோம். சூரியகாந்தி எண்ணெய் போன்றவை ஒரு துவைப்பில் முழுதும் போவதில்லை. சுடச்சுட எடுத்துக் குவித்து வைத்தால் அந்தக் குவியல் உள்ளுக்குள் தானாகவே சூடேறும், புகையவும் கூடும். துறைமுகத்திலும் படகிலும் வேலை பார்க்கிறவர்களின் டீசல், பெட்ரோல், தின்னர் பட்ட உடுப்புகளை ட்ரையரில் போடவே கூடாது. அவை கொடியில்தான் காய வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கதவைத் திறந்து துணிகளை உடனே வெளியே எடுத்துப் பரப்பிவிடுங்கள். ஆறவைக்கும் கடைசிப் பத்து நிமிடம் நடக்காமல், சூடான உருளைக்குள் சூடான துணி அப்படியே கிடப்பது நல்லதல்ல. எல்லாரும் வெளியே போகும்போதோ தூங்கப் போகும்போதோ மெஷினை ஓடவிட்டுப் போகாதீர்கள். மேலே சொன்ன குறைந்த வோல்டேஜ் காரணமாக இரவில் போடுகிறவர்கள், துணி எடுக்கும்வரை ஒருவர் விழித்திருங்கள்.

அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு மல்டிமீட்டரும், குழாய் சுத்தம் செய்கிற நீண்ட கம்பிப் பிரஷ்ஷும் வாங்கி வைத்திருக்கிறோம். வெள்ளி தவிர மற்ற நாட்களில் அசர் தொழுகைக்குப் பிறகு வந்து பெயர் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம், மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும். வட்டியில்லாக் கடனில் மெஷின் வாங்கியவர்கள் மழை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை பின்குழாயைப் பார்க்கச் சொல்லி அலுவலகத்தில் தகவல் கொடுத்தால், எலக்ட்ரீஷியனை நாங்களே அனுப்புகிறோம், இன்ஷா அல்லாஹ். அதற்குக் கட்டணம் இல்லை.